போஸ்ட் ஆபீஸுக்குப் போக வேண்டிய கோபம்

1. வாசலில் நின்ற வரிசை

அன்று காலையில் ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் மனிதர்கள் இல்லை. காலி சிலிண்டர்கள்தான் வரிசை கட்டி நின்றன. கழுத்தில் துண்டு கட்டியது ஒன்று, பிளாஸ்டிக் பூ செருகியது ஒன்று, சுண்ணாம்பில் வீட்டுப் பெயர் எழுதியது ஒன்று. சொந்தக்காரர்கள் எதிர்ச்சாரியில் டீக்கடை நிழலில் உட்கார்ந்து, யார் சிலிண்டரை யார் முன்னால் நகர்த்துகிறார்கள் என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற ஏஜென்சி. வாசலில் கொண்டுவந்து வைத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அதைத் தொண்டை வற்றச் சொல்லியாகிவிட்டது. யார் கேட்டார்கள்!

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் கவுண்டர் இன்சார்ஜாக இருந்து சமீபத்தில்தான் ரிட்டயர் ஆனேன். இனிமேல் அந்த நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். புக்கிங் போடுவது, டெலிவரி ஓடிபி சரி பார்ப்பது, சீல் உடைந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்புவது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். நாட்டு நடப்பு கோணலாகும்போது கவுண்டரில் எப்படி உட்காருவது என்பதை எந்த டிரெயினிங்கிலும் சொல்லித் தருவதில்லை.

வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டு கப்பல்கள் நின்றுபோன சமயம் அது. கேஸ் நிரப்புகிற பிளாண்டிலிருந்து வருகிற லோடு முதலில் பாதியானது. பிறகு எப்போது வரும் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது என்றார்கள். ஹோட்டல்களுக்குக் கொடுக்கிற கமர்ஷியல் சிலிண்டரை அடியோடு நிறுத்தினார்கள். விலையும் ஏறியது. எங்கள் கவுண்டர் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வெளிநாட்டு விவகாரத்தில் கரை கண்டுவிட்டார்கள். அமெரிக்காக்காரன் முறைத்தால் டெல்லி ஏன் ரஷ்ய எண்ணெய் வாங்கத் தயங்கவேண்டும் என்று ஒருவர் கேட்பார். நமக்குக் கேஸ் தருகிறவன் ஒரு பக்கம், நாம் போய்க் கட்டிப்பிடிக்கிறவன் இன்னொரு பக்கம் என்று இன்னொருவர் சொல்வார். அரசாங்கம் என்ன செய்யும், சண்டையை அவர்களா மூட்டினார்கள் என்று மூன்றாமவர் வாய் திறந்தால் போச்சு, அங்கேயே சட்டசபை கூடிவிடும். எல்லாச் சண்டையும் கடைசியில் என் கண்ணாடிப் பக்கம்தான் திரும்பும். "அப்ப எங்க குத்தி எப்பத்தானுங்க வரும்?" என்பார்கள். கேஸ் சிலிண்டருக்கு மலையாளத்தில் குற்றி என்று பேர். எங்கள் வாயில் அது குத்தி.

கேரளத்தில் ஒரு வழக்கம் உண்டு. டெல்லி மேல் கோபம் வந்தால் ஊர்வலம் போஸ்ட் ஆபீசுக்குப் போகும். எங்கள் மாதிரி சின்ன ஊரில் மத்திய சர்க்கார் என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது அந்தச் சிவப்புப் பெட்டி ஒன்றுதான். கட்சிக்காரர்கள் முந்தின நாளே போஸ்ட் மாஸ்டரிடம் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். அவரும் பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்களை அதற்கு முன்னால் அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக் காத்திருப்பார். கோஷம், பிரசங்கம், பிறகு எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். கேஸுக்காகவும் அந்த மார்ச் ஒன்று நடந்தது. காலி சிலிண்டருக்கு மலர்வளையம் வைத்தார்கள், ரோட்டில் அடுப்புக் கூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். மறுநாளும் லோடு வரவில்லை. அதற்கப்புறம்தான் ஜனங்கள் போஸ்ட் ஆபீசை விட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

2. ராவுத்தர் அடுப்பு

அப்படி வந்தவர்களுக்கு முன்னால் நின்றவர் சாகுல் ராவுத்தர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹோட்டல் வைத்திருந்தார். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பரோட்டா. பொள்ளாச்சி பஸ் டிரைவர்கள் சாப்பாட்டுக்கு அங்கேதான் நிறுத்துவார்கள். ரொம்ப வருசமாக எங்களிடம் கமர்ஷியல் சிலிண்டர் எடுக்கிறவர், மரியாதையான மனுசன். கவுண்டரில் அதுவரை குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

கமர்ஷியல் நின்றதும் விறகுக்கு மாறிப் பார்த்தார். கட்டடம் வாடகை, மேல்மாடியில் ஒரு பல் டாக்டர். புகை மேலே ஏறி அங்கே வந்தவர்கள் இருமிக்கொண்டே இறங்கிப்போக, கட்டடக்காரர் வந்து சத்தம் போட்டார். பரோட்டா மாஸ்டர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஈரோடு பக்கம் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் ராவுத்தர் கவுண்டருக்கு வந்து, வீட்டுக்குக் கொடுக்கிற சிலிண்டர் ஏதாவது ஒன்றைக் கண்டும் காணாமல் தரமுடியுமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு முகம் சிறுத்துப்போனது. முடியாது என்று சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெறுமே முடியாது என்று சொல்லி நிறுத்தாமல், வீட்டில் சமைக்கக் கேஸ் இல்லாமல் ஜனம் தவிக்கும்போது ஹோட்டலுக்கு எப்படிக் கொடுப்பது என்றும் சேர்த்துச் சொன்னேன். 

"அக்கா, நானும் வீட்டுல சமைக்கத்தானுங்க இந்த அடுப்பை நம்பியிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

 அந்த வாரமே அவர் 'கேஸ் உபபோக்தா கூட்டாய்ம' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். கேஸ் வாங்குகிறவர்கள் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் பாதிப் பேர் அதில் சேர்ந்தார்கள். என் தங்கச்சி மகளும் அதில் இருந்ததால் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குச் சுடச்சுடத் தெரிந்துவிடும். முதலில் டெல்லியைத் திட்டினார்கள். திட்டித் திட்டி அலுத்துப்போய், ஏஜென்சிக்கு வருகிற கொஞ்ச நஞ்சமும் எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

3. போட்டோ

எங்கள் டெலிவரி ஆள் மயில்சாமி. எலும்பும் தோலுமாக இருப்பான், ஆனால் ஃபுல் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவான். வாய் ஓயாது. பாட்டிகளைக் கிண்டல் பண்ணி டீ வாங்கிக் குடித்துவிட்டு வருகிற ஜாதி. அவன் ஓட்டுகிற குட்டியானை வண்டி, முழுச் சிலிண்டர் அடுக்கிக்கொண்டு, தமிழ்நாட்டுச் செக்போஸ்ட் பக்கமாகப் போவதை யாரோ பின்னாலிருந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். குரூப்பில் அது வந்தது. 'நம்ம கேஸ் பொள்ளாச்சிக்குப் போகுது' என்று ஒரு வரி. போட்டவர் சாகுல் ராவுத்தர்.

விஷயம் இதுதான். எங்கள் ஏஜென்சியைச் சேர்ந்த வீடுகளில் புளியங்காடு என்று ஒரு சின்ன இடம் எல்லையை ஒட்டி இருக்கிறது. ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கேரளத்தில். ஆனால் நடுவே ஒரு ஓடை. அதன் மேல் இருந்த சப்பாத்துத் தரைப்பாலம் மழையில் அடித்துக்கொண்டு போனதிலிருந்து வண்டி போக இந்தப் பக்கம் வழி இல்லை. தமிழ்நாட்டுக்குள் போய், தென்னந்தோப்புகளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கேரளத்துக்குள் நுழையவேண்டும். புளியங்காட்டுக்காரர்கள் சாமான் வாங்குவதும் அந்தப் பக்கம்தான். அதனால் டவுனில் பல பேருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

நான் ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். பில்லை எடுத்துக் காட்டினேன். "பில்லை நீங்கதானே அடிக்கறீங்க," என்றார் ஒருவர்.  மயில்சாமி டீக்கடைக்குப் போனால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. ஸ்கூலில் அவன் மகளிடம் யாரோ உங்கப்பாதான் கேஸ் கடத்துகிறவரா என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவன் கோடவுனில் சிலிண்டர் மேல் உட்கார்ந்துகொண்டு கையுறையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். கிண்டல் இல்லை, பேச்சு இல்லை. 

முதலாளி பாலக்காட்டில் இருப்பவர். போனில் கூப்பிட்டார். நாளைக்கு ஒரு லோடு வருகிறது, கும்பல் சேரும், மயில்சாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக வாசலில் எழுதிப் போடு, ஜனம் ஆறிவிடும் என்றார். அவன் தப்பு எதுவும் செய்யவில்லையே என்றேன். தப்புச் செய்தான் என்று நான் சொன்னேனா, ஒரு வழி பார்க்கவேண்டாமா, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தெரியும், அந்த அப்புறம் வராது. ஏஜென்சியே நிறுத்திவிட்டது என்று வாசலில் எழுதினால் அவன் ஆயுசுக்கும் திருடன்தான். நாளைக்குச் சாயங்காலம் வரை டைம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். கேட்டுவிட்டேனே தவிர, என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

4. சாவி

மறுநாள் லோடு லாரியில் வந்து கவுண்டரை ஒட்டின கோடவுனில் இறங்கியது. மயில்சாமி புளியங்காட்டு லோடைக் குட்டியானையில் ஏற்றினான். அங்கே எல்லாரும் புக் பண்ணி ரொம்ப நாளாகக் காத்திருந்தார்கள். வண்டி கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் கும்பல் மறித்துவிட்டது. முன்னால் ராவுத்தர். பின்னால் பெண்களும் ஆண்களுமாக ரோடு நிறைய ஜனம். காலிச் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள். இரும்பு ரோட்டில் உருளுகிற சத்தத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்கவில்லை.

லோடை இங்கேயே இறக்கு, வந்தவர்களுக்குக் கொடு என்றார்கள். அப்படிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பில் ஒரு வீட்டின் பேரில் போட்டாயிற்று. அதைவிட, நெருப்புக்கு ஆகாத சாமானை ஜனக்கூட்டத்துக்கு நடுவில் இழுபறி பண்ணினால், எல்லாரையும் கொண்டுபோய்விட ஒரு பொறி போதும். பக்கத்தில் ஒருத்தர் பீடி வேறு பற்றவைத்திருந்தார். போலீஸ் ஜீப் ஒன்று தூரத்தில் நின்றது. எஸ்.ஐ. இறங்கவில்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஓர் இளவட்டம் வண்டிக் கதவைத் திறந்து மயில்சாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். காக்கிச் சட்டை தோள்பட்டையில் கிழிந்தது. மயில்சாமி திருப்பி அடிக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்து இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இறங்கினால் லோடு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

நான் கவுண்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவது வேறு, ரோட்டில் நின்று பேசுவது வேறு. பயம் இல்லை என்று சொன்னால் பொய். முதலில் பீடிக்காரரை ஒரு வாங்கு வாங்கினேன். அவர் அதைக் காலில் போட்டு மிதித்தார். அப்புறம் ராவுத்தருக்கு எதிரே போய் நின்றேன்.

"பாய், கட்சிக்காரங்க மாதிரி போஸ்ட் ஆபீசுக்குப் போயிருந்தா நானே வந்து கோஷம் போட்டிருப்பேன். இவன் சட்டையைக் கிழிச்சா டெல்லியில யாருக்கு வலிக்கும்?"

"போஸ்ட் ஆபீசுல போயிக் கத்தி என்னங்க ஆச்சு? அங்கயா கேஸ் விக்கறாங்க?" என்றார்.  "கடையைச் சாத்திட்டு நிக்கறேனுங்க்கா. என் கண்ணு முன்னால லோடு பொள்ளாச்சிக்குப் போகுது. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

பில்லைக் காட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் நம்பமாட்டார். யாரும் நம்பமாட்டார்கள். சரி, நம்பவேண்டாம், பார்க்கட்டும்.

"அந்த வண்டியில ஏறுங்க பாய். எங்க போகுதோ நீங்களே கூடப் போயிப் பாருங்க. பொள்ளாச்சிக்குப் போச்சுன்னா அவனை என்ன வேணாலும் பண்ணுங்க, நான் கேக்கலை. நானும் வர்றேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கும்பலைத் திரும்பிப் பார்த்தார். ஏறாதீங்க, டிராமா போடுறாங்க என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஒரு பெரியம்மா மட்டும், போயித்தான் பாத்துட்டு வாங்களேன், வண்டி என்ன பறந்தா போயிரும் என்றார். அந்த ஒரு சொல்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. காலிச் சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக விலகின.

5. புளியங்காடு

குட்டியானையின் முன்பக்கம் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம், நடுவில் ராவுத்தர். சில பைக்குகள் பின்னாலேயே வந்தன.  மயில்சாமியின் தோளில் சட்டை கிழிந்து தொங்கியது ராவுத்தர் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவும் வழியில்லை, அங்கே நான்.

செக்போஸ்டில் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் கம்பை உயர்த்திவிட்டு, பின்னால் வந்த பைக்குகளைப் பார்த்து, "என்ன மயிலு, இன்னிக்கு மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றார். மயில்சாமி சிரிக்கவில்லை. அவர் ராவுத்தரிடமும் பேச்சுக் கொடுத்தார். முன்னெல்லாம் இந்த வண்டி வாரம் தவறாமல் வரும், கொஞ்ச நேரத்திலேயே காலியாகத் திரும்பிவிடும் என்று அவராகவே சொன்னார். பொள்ளாச்சி ரோடு நேரே போனது. வண்டி அதை விட்டு இடது கைப் பக்கம் தோப்புக்குள் திரும்பியது. அந்த இடத்தில் ராவுத்தர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனோம். ஒரு வளைவு தாண்டியதும் மலையாளத்தில் எழுதின பஞ்சாயத்துப் போர்டு சாய்ந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் புளியங்காடு. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை.

பைக்குகளையும் முகம் தெரியாத ஆட்களையும் பார்த்ததும் அந்த ஊர்ப் பெண்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். டவுன்காரர்கள் தங்கள் லோடைப் பறித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. ஒரு அம்மா கையில் அரிவாள்மணை இருந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்துவிட்டார். மயில்சாமி இறங்கியதும் அவனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் எங்கே போனாய், எங்கள் குத்தியை டவுனில் விற்றுவிட்டுத்தானே வருகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

மயில்சாமி வண்டிப் பலகையை இறக்கப் போனவன் அப்படியே நின்றான்.

"டவுனுல பொள்ளாச்சிக்குக் கடத்தறேன்ங்கறாங்க. நீங்க டவுனுல விக்கறேன்ங்கறீங்க," என்றான். கத்தவில்லை. "எங்கூட்டுல வந்து பாருங்க. எம் பொண்டாட்டி வெறகுலதான் சோறாக்கறா. தெனமும் குத்தி தூக்கறவன் ஊட்டுல குத்தி இல்லீங்க. எம் புக்கிங் எப்ப வரும்னு நான் யாரைக் கேக்கறது?"

எனக்கே அது தெரியாது. அவன் புக்கிங் பென்டிங்கில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை. அவனும் முன்னால் நகர்த்து என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அரிவாள்மணை அம்மா அதைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, தண்ணி குடிக்கிறியா சாமி என்றார்.

ஓடிபி கேட்டு, எடை போட்டுக் காட்டி, வீடு வீடாக இறக்கினான். பைக்கில் வந்தவர்கள் இந்தத் தடவை போட்டோ எடுக்கப் போனை வெளியே எடுக்கவே இல்லை. நானும் ராவுத்தரும் உடைந்துபோன சப்பாத்து வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தோம். ஓடைக்கு அந்தக் கரையில், கூப்பிடு தூரத்தில், நம் ரோடு. கம்பிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பாப் போச்சுங்க்கா," என்றார். அப்புறம் அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே, "ஆனா என் கடை சாத்துனது சாத்துனதுதானே. அதுக்கு நான் யார்கிட்டங்க்கா கத்தறது?"

இது வம்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை வருசத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதற்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. யாரோடு நாடு சேருகிறது, யாரிடம் எண்ணெய் வாங்குகிறது என்று முடிவு பண்ணுகிறவர்கள் இந்த மனுசனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. எனக்கும் கோபம்தான். அதை நான் கவுண்டரில் காட்டமுடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"போஸ்ட் ஆபீசுதான் பாய்," என்றேன். "அங்க கேஸ் விக்கமாட்டாங்கதான். ஆனா அங்க போயிக் கத்தினா அது மேலே இருக்கறவங்களைப் பாத்துக் கத்தினதுன்னு ஊருக்குத் தெரியும். எங்க வாசல்ல கத்தினா மயில்சாமியைப் பாத்துக் கத்தினதா ஆயிருது."

வண்டி திரும்பும்போது ராவுத்தர் மயில்சாமியிடம், ஒரு நல்ல சட்டை எடுத்துத் தருகிறேன் தம்பி என்றார். மயில்சாமி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான்.

"சட்டை இருக்குங்க. போட்டோவை எல்லாருக்கும் காட்டுனீங்க பாருங்க, அதே மாதிரி எல்லாருக்கும் கேக்கற மாதிரி நான் திருடன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ராவுத்தர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.  சொல்லமாட்டாரோ என்று நினைத்துவிட்டேன்.

6. போஸ்ட் ஆபீஸ்

சாயங்காலம் முதலாளிக்குப் போன் பண்ணி, வாசலில் எதுவும் எழுதிப் போடப்போவதில்லை, போட்டே ஆகவேண்டும் என்றால் என் பேரையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன்.  கும்பல் கலைந்துவிட்டதா என்று கேட்டார். கலைந்துவிட்டது என்றேன். அப்புறம் என்ன, விடு என்றார். அவ்வளவு லேசாக முடிந்தது. முந்தின நாள் ஒரு மனுசனைத் தூக்கி எறியச் சொன்னதும் அதே லேசான குரல்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குரூப்பில் ராவுத்தர் அன்று மயில்சாமியைப் பற்றி எதுவும் போடவில்லை. மறுநாளைக்குப் போஸ்ட் ஆபீஸ் மார்ச், எல்லாரும் காலிச் சிலிண்டரோடு வரவும் என்று மட்டும் ஒரு செய்தி. நான் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஏஜென்சி ஆள் அங்கே எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். என் வீட்டு அடுப்பும் எரியவேண்டாமா என்று கேட்டு வாயை அடைத்தேன். போஸ்ட் மாஸ்டர் வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, ஸ்டாம்ப் ஏதாவது வேண்டும் என்றால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் கோஷத்தில் காது கேட்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மயில்சாமி கடைசியில் நின்றான். அதே காக்கிச் சட்டை, தோளில் தைத்த தையல் தெரிந்தது. அவன் வீட்டுக் காலிச் சிலிண்டர் தோள் மேல் இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டே எல்லாரும் நின்றார்கள். புளியங்காட்டுக்குப் போய்வந்த பைக்குக்காரர்கள் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் இடம் விட்டிருந்தார்கள். ஒரு பேர் ஒட்டிக்கொண்டால் அவ்வளவு சீக்கிரம் உதிராது.

ராவுத்தர் மைக்கைப் பிடித்தார். டெல்லிக்கு எதிராக எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதம் கையில் இருந்தது. அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்தார்.

"அவங்களைக் கேக்கறதுக்கு முன்னால என்னைக் கேக்கோணும்," என்றார். "மயில்சாமி திருடன் இல்லைங்க. நான் போட்ட போட்டோதான் பொய். அந்த வண்டியில நானே போனேன். புளியங்காடு நம்ம ஊரு, நம்ம சனம். தம்பி, நீ பின்னால நிக்காதே, இங்க முன்னால வா."

யாரும் கை தட்டவில்லை. கூட்டத்தில் ஒரு வழி மட்டும் விழுந்தது. சட்டையைக் கிழித்த இளவட்டம் குனிந்து, மயில்சாமியின் சிலிண்டரை ஒரு பக்கம் பிடிக்கக் கை நீட்டினான். மயில்சாமி கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்து போஸ்ட் ஆபீஸ் படிக்கு முன்னால் ணங்கென்று வைத்தான். அப்புறம் கோஷம் ஆரம்பமானது. விலையைக் கேட்டு, கப்பலைக் கேட்டு, யாருக்காக யாரைப் பகைத்தீர்கள் என்று கேட்டு. அன்றைக்கு எல்லாரையும் விடப் பெரிசாகக் கத்தியவன் மயில்சாமிதான். கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கக் கத்தினான். அவனுக்கும் டெல்லி மேல் அத்தனை கோபம் இருந்திருக்கிறது. அதுவரை நாங்கள் யாரும் அவனைக் கேட்டதில்லை.

பிறகு கேஸ் வர ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாக. ராவுத்தரின் ஹோட்டல் திறக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அவர் வீட்டிலேயே பிரியாணி போட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறார், என் ரிட்டயர்மென்ட்டுக்கும் அவர்தான் கொடுத்தார். சப்பாத்து இன்னும் உடைந்துதான் கிடக்கிறது, மயில்சாமி இன்னும் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் புளியங்காட்டுக்குப் போகிறான்.

கவுண்டரில் உட்காரப் போகிற பிள்ளைகளே, இதைத்தான் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் உங்களைப் பார்த்துக் கத்துவார். கத்தட்டும். பெரும்பாலும் அவர் கோபம் நியாயமானது, ஆள்தான் தப்பு. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கோபத்தை ஆற்றுவதற்காக உங்களோடு வேலை செய்கிறவன் பேரை வாசலில் எழுதிப் போடச் சொன்னால், அதை மட்டும் எழுதாதீர்கள். அவன் வீட்டு புக்கிங் பென்டிங்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.